நாடகப் படகுக்கு ஹாம் வானொலியில் ஏன் விழா?

உரிமம் பெற்ற தனிநபர்கள் பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது அமெச்சூர் வானொலி, அதாவது ஹாம் வானொலி. அமெரிக்க அமெச்சூர் வானொலிப் பத்திரிகைகளின் பின்பக்கங்களில் அவ்வப்போது ஒரு வகை அறிவிப்பு வரும். அதன் நடை இப்படி இருக்கும் (மாதிரிக்காக எழுதியது, உண்மையான அறிவிப்பு அல்ல):

"டபிள்யூ0எஸ். துடுப்புச் சக்கர நாடகப் படகு நினைவு நிலையம். சனி 1400இசட் முதல் 2000இசட் வரை. 14.260, 7.260. கியூஎஸ்எல் உண்டு. சான்றிதழுக்கு 9x12 எஸ்ஏஎஸ்ஈ."

பழகாத கண்ணுக்கு இது ஏதோ ரகசியத் தந்தி போலத் தெரியும். எழுத்துகளின் பொருள் புரிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும்: பழைய நாடகப் படகுக்கும் வானொலிப் பொழுதுபோக்குக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் சங்கடமான சம்பந்தம். நாடகப் படகுகளின் கூட்டத்தைக் கலைத்தவற்றில் வானொலியும் ஒன்று. அந்த வானொலி ஒலிபரப்பு பிறந்ததோ ஓர் அமெச்சூரின் கார் கொட்டகையில்.

முதலில் படகைப் பார்த்துவிடலாம்.

சக்கரம் வேறு, மேடை வேறு

"துடுப்புச் சக்கர நாடகப் படகு" என்ற பெயரில் இரண்டு தனித்தனிப் பொருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

1. துடுப்புச் சக்கரப் படகு என்பது நீராவி எஞ்சினால் பெரிய மரச்சக்கரத்தைச் சுழற்றி நகரும் கலம். சக்கரம் இரு பக்கங்களிலும் இருக்கலாம், பின்னால் ஒன்றே ஒன்றாகவும் இருக்கலாம். மிசிசிப்பி, ஒஹாயோ போன்ற ஆறுகளில் ஆழம் குறைவு, மூழ்கிக் கிடக்கும் மரங்கள் அதிகம். சக்கரம் பின்னால் இருந்தால் அந்தக் கட்டைகளில் முதலில் மோதுவது படகின் முகப்புதான், சக்கரம் தப்பிக்கும். அதனால்தான் பின்சக்கரப் படகுகள் அங்கே அதிகம் ஓடின.

2. நாடகப் படகு, அதாவது ஷோபோட், என்பது மிதக்கும் நாடகக் கொட்டகை. ஊர் ஊராக ஆற்றங்கரையில் கட்டி நிறுத்துவார்கள், இரவு நாடகம் போடுவார்கள், மறுநாள் அடுத்த ஊர்.

இந்த இரண்டும் ஒரே கலத்தில் சேர்ந்திருந்தது அபூர்வம். இதைப் பலர் நம்ப மாட்டார்கள். நாடகப் படகு என்றதும் மனதில் வரும் படம், இரண்டு உயரமான புகைபோக்கிகளும் பின்னால் சிவப்புச் சக்கரமும் கொண்ட வெள்ளை மாளிகைதான். உண்மையில் பெரும்பாலான நாடகப் படகுகளுக்கு எஞ்சினே கிடையாது. அவை தட்டையான தோணிகள். கூடவே வரும் ஒரு சிறிய நீராவிப் படகு அவற்றை நகர்த்தும். அந்தச் சிறிய படகுக்கு 'இழுவைப் படகு' என்று பெயர், ஆனால் அது இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். அமெரிக்க ஆறுகளில் இன்றைக்கும் அப்படித்தான்.

காரணம் எளிது. எஞ்சினும் கொதிகலனும் விறகும் கரியும் உள்ளே வந்தால், மேடைக்கும் நாற்காலிகளுக்கும் வேண்டிய இடம் போய்விடும். மரத்தாலான கலத்தில் நூற்றுக்கணக்கானவர்களை உட்காரவைத்துவிட்டு நடுவில் கொதிகலனை எரிப்பதும் விபரீதம். தோணியாகவே விட்டுவிட்டால் அகலம் முழுவதும் அரங்கம்தான். கோல்டன்ராட் என்ற படகு இதற்கு நல்ல உதாரணம். 1909இல் மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க்கில் கட்டியது; நீளம் 200 அடி, அகலம் 45 அடி. நம் ஊர்ப் பெரிய கல்யாண மண்டபம் ஒன்றை ஆற்றில் மிதக்கவிட்டதுபோல.

பிறகு அந்த வெள்ளை மாளிகைப் படம் எங்கிருந்து வந்தது? பெரிய அளவில் சினிமாவிலிருந்து. எட்னா ஃபெர்பர் 1926இல் நாடகப் படகை வைத்து ஒரு நாவல் எழுதினார். அதற்காக அவர் 1925இல் போய்த் தங்கிய படகு மிசிசிப்பியில் ஓடியதே அல்ல. அது வட கரோலினா கடலோர ஊர்களைச் சுற்றிவந்த, எஞ்சின் இல்லாத தோணி. நாவல் 1927இல் பிராட்வே இசை நாடகமாயிற்று. அதிலிருந்து எடுத்த 1951ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் படகுக்குச் சொந்தச் சக்கரமும் புகைபோக்கிகளும் முளைத்தன. படம் ஓடியது, பிம்பம் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பிம்பத்தைப் பார்த்து நிஜம் மாறியது. சரக்கு தள்ளியும் ஆற்றுப் பணிகள் செய்தும் ஓய்ந்துபோன பழைய சக்கரப் படகுகளை எடுத்து உள்ளே அரங்கம் கட்டினார்கள். மின்னசோட்டா மாநிலம் உருவாகி நூறாண்டு ஆனபோது, 1958இல், ராணுவப் பொறியியல் பிரிவின் பழைய பின்சக்கரப் படகு ஒன்று பல்கலைக்கழக நாடகக் குழுவின் மேடையானது. 1935இல் ஓமர் என்ற பெயரில் இழுவைப் படகாகக் கட்டிய இன்னொன்று, மேற்கு வர்ஜீனியாவின் 1963ஆம் ஆண்டு நூற்றாண்டு விழாவுக்காக நாடகப் படகாக மாறியது. பின்னர் அயோவா மாநிலத்தின் கிளின்டன் நகரம் அதை வாங்கி மிசிசிப்பிக் கரையில் தரையேற்றி வைத்தது. அரங்குக்கு அந்த ஊரில் பிறந்த புகழ்பெற்ற பாடகி லில்லியன் ரஸ்ஸலின் பெயர். சக்கரமும் மேடையும் ஒரே கலத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் இப்படிப்பட்ட படகுகளைத்தான் பார்க்க வேண்டும். அதாவது, 'அசல்' போலத் தெரிபவை பின்னால் வந்தவை. அசலுக்குச் சக்கரம் இல்லை.

ஆற்றோரத்து வரலாறு, சுருக்கமாக

1831இல் இங்கிலாந்திலிருந்து வந்த நடிகர் வில்லியம் சாப்மன், பிட்ஸ்பர்க்கில் ஒரு தட்டைப் படகின் மேல் கொட்டகை போட்டுக் குடும்பத்தோடு கிளம்பினார். ஒஹாயோ ஆற்றின் ஓட்டம்தான் எஞ்சின். ஊர் வந்தால் கட்டுவார்கள், நாடகம் போடுவார்கள், கயிற்றை அவிழ்ப்பார்கள். நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்ததும் படகை மரவிலைக்கு விற்றுவிட்டு, நீராவிப் படகில் டிக்கெட் எடுத்துத் திரும்பி, மறுபடி புதுப் படகு. ஆற்றோடு மேலே வர முடியாது என்பதால் இந்தக் கணக்கு.

உள்நாட்டுப் போர் இதையெல்லாம் நிறுத்தியது. 1878க்குப் பிறகு மீண்டும் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உச்சத்துக்குப் போனது. ரயில் வராத, நாடகக் கொட்டகை இல்லாத ஊர்களுக்கு வருஷத்தில் ஒரு தடவை வரும் கலை அதுதான். இனிப்பான பக்கத்தை மட்டும் சொல்லக்கூடாது: வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்யும் நிகழ்ச்சிகள் அந்த மேடைகளில் வாடிக்கை. தெற்கில் கறுப்பினப் பார்வையாளர்கள் தனி இடத்தில்தான் உட்கார வேண்டும்.

படகு வருவதை ஊருக்குச் சொன்னது கல்லியோப்பி என்ற நீராவி இசைக்கருவி. மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஜோஷுவா ஸ்டோடார்ட் 1855இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வரிசையாக ரயில் ஊதல்களை நட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டை வைத்தால் எப்படி இருக்கும், அதுதான். கட்டையை அழுத்தினால் கொதிகலன் நீராவி ஊதல் வழியாகப் பீறிடும். சில மைல் தூரம் கேட்கும். பித்தளைக் கட்டைகள் சூடேறிவிடுவதால் வாசிப்பவர் கையுறை போடுவதும் உண்டு. நீராவியின் அழுத்தமும் சூடும் மாற மாற சுருதியும் நழுவும், ஆகவே சுத்தமான சங்கீதத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆற்று வளைவுக்கு அப்பால் படகு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தம் வரும், வயலில் நிற்பவர் வேலையை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடுவார். இந்தக் கருவியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு சட்டச் சிக்கலில் திரும்ப வரும்.

கூட்டம் எங்கே போனது?

சாலைகள் வந்தன, கார் வந்தது, சினிமா வந்தது. இந்த மூன்றையும் எல்லோரும் சொல்வார்கள். நான்காவது வானொலி.

அது தொடங்கியதும் பிட்ஸ்பர்க் பக்கம்தான். வெஸ்டிங்ஹவுஸ் மின்சாதன நிறுவனத்தின் பொறியாளர் ஃபிராங்க் கான்ராட், வில்கின்ஸ்பர்க்கில் தன் வீட்டுக் கார் கொட்டகையில் ஓர் அமெச்சூர் நிலையம் வைத்திருந்தார். அதிலிருந்து கிராமபோன் தட்டுகளைப் போட்டு வானில் அனுப்பினார். சுற்றுவட்டாரத்து அமெச்சூர்கள் கேட்டு ரசித்தார்கள். இதைக் கேட்பதற்கென்றே ஒரு பல்பொருள் அங்காடி வானொலிப் பெட்டிகளை விளம்பரம் செய்ய, வெஸ்டிங்ஹவுஸ் நிர்வாகம் விழித்துக்கொண்டது. 1920 நவம்பர் 2 அன்று அந்த நிறுவனத்தின் கேடிகேஏ நிலையம் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது.

1923இல், அதே பிட்ஸ்பர்க்கில், மஜெஸ்டிக் என்ற நாடகப் படகைக் கட்டினார்கள். இன்று எஞ்சியிருக்கும் பழைய நாடகப் படகுகளில் முக்கியமானது அது; 1989இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. கேடிகேஏ ஒலிக்கத் தொடங்கி மூன்று வருடம் கழித்து நாடகப் படகு கட்டுவது, இன்று பார்த்தால், தியேட்டர் வாசலில் நின்று பயாஸ்கோப்புப் பெட்டி விற்பது போலத் தோன்றும். ஆனாலும் அது பல்லாண்டு ஓடியது.

1932இல் இன்னொன்று நடந்தது. என்பிசி வானொலி ஒரு காபி நிறுவனத்தின் ஆதரவில், நாடகப் படகில் நடப்பதாகப் பாவனை செய்யும் வாராந்திர நிகழ்ச்சியைத் தொடங்கியது. நிகழ்ச்சி பெரிய வெற்றி. ஆற்றங்கரைக்குப் போகாமலே வீட்டுக் கூடத்தில் 'நாடகப் படகு' கேட்க முடிந்தது. நிஜப் படகான கோல்டன்ராட் 1937இல் செயின்ட் லூயிஸில் நிரந்தரமாக நங்கூரமிட்டது. கண்ணீர் நாடகங்களைப் பார்க்க வந்த நகரத்து ரசிகர்கள் வில்லனைப் பார்த்துச் சீறிச் சிரிக்க, அதையே நகைச்சுவையாக்கி ஓட்டினார்கள். அந்தப் படகு 2017இல் எரிந்துபோனது.

மரக்கலத்துக்கு இதுதான் கஷ்டம்: தீ, பனி, வெள்ளம், உளுத்துப்போன அடித்தளம். மின்னசோட்டாவின் முதல் படகும் 2000ஆம் ஆண்டு புதுப்பிக்கும்போது எரிந்தது. பல படகுகளுக்கு எஞ்சியிருப்பது பெயர்தான். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு ஒரு வழி, செலவு குறைந்த வழி, சிறப்பு நிகழ்வு நிலையம்: ஒன்றை நினைவுகூரச் சில நாள் மட்டும் இயங்கும் அமெச்சூர் நிலையம்.

அறிவிப்பை அவிழ்ப்போம்

அமெச்சூர் வானொலி, அதாவது ஹாம் வானொலி, என்பது தேர்வு எழுதி உரிமம் பெற்ற தனிநபர்கள் வருமான நோக்கமின்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது. 'ஹாம்' என்ற சொல் தந்தி காலத்தில் அரைகுறையாகத் தந்தி அடிப்பவரைக் கிண்டல் செய்யப் பிறந்தது. நாடக உலகிலும் அதே சொல் மிகையாக நடிப்பவரைக் குறிக்கும். நாடகப் படகு மேடையில் அந்த வகை ஹாம்களுக்கும் பஞ்சமில்லை.

இப்போது அறிவிப்பு, துண்டு துண்டாக:

1. டபிள்யூ0எஸ். இது அழைப்புக்குறி. அமெச்சூருக்கு அரசு தரும் பெயர். வழக்கமான குறியில் நான்கு முதல் ஆறு எழுத்துகளும் எண்ணும் கலந்திருக்கும். சிறப்பு நிகழ்வுக்கு மட்டும் மூன்றே எழுத்து கொண்ட குறுகிய குறி கிடைக்கும்: முதலில் கே, என், டபிள்யூ இவற்றில் ஒன்று, நடுவில் 0 முதல் 9 வரை ஓர் எண், கடைசியில் ஓர் எழுத்து. எக்ஸ் மட்டும் பரிசோதனை நிலையங்களுக்கென ஒதுக்கிவிட்டதால் கடைசி எழுத்துக்கு 25 வாய்ப்பு. ஆக, 3 x 10 x 25 = 750 குறிகள்தான் நாடு முழுக்க. அதிகபட்சம் 15 நாள் வைத்திருக்கலாம், பிறகு அடுத்தவருக்குப் போய்விடும். நடுவிலுள்ள எண் வழக்கமாக நாட்டின் எந்தப் பகுதி என்பதைக் குறிக்கும். அயோவாவும் மின்னசோட்டாவும் 0 பகுதி. நிலையத்தை நடத்துபவர் தன் சொந்தக் குறியையும் மணிக்கு ஒரு தடவையாவது சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் யார் பொறுப்பு என்பது தெரியாது.

2. 1400இசட். உலகப் பொது நேரம். அயோவாவில் கோடையில் இது காலை 9 மணி, நமக்கு மாலை 7:30.

3. 14.260, 7.260. மெகாஹெர்ட்ஸில் அதிர்வெண். முந்நூறை இந்த எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும்: 14.260க்கு சுமார் 21 மீட்டர், 7.260க்கு சுமார் 41. பேச்சுவழக்கில் '20 மீட்டர்', '40 மீட்டர்'. இரண்டை அறிவிப்பதற்குக் காரணம் உண்டு. பகலில் 40 மீட்டர் அலை சில நூறு கிலோமீட்டருக்குள் நன்றாகக் கேட்கும், பக்கத்து மாநிலத்தார் பேசலாம். 20 மீட்டர் அலை மேலேயுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். அருகிலிருப்பவர்களுக்கு ஒன்று, தூரத்தவர்களுக்கு ஒன்று.

4. கியூஎஸ்எல். பேசியதை உறுதிப்படுத்தும் அஞ்சலட்டை. அழைப்புக்குறி, நாள், நேரம், அதிர்வெண், ஒலித்தரம் எல்லாம் அதில் இருக்கும். ஒலித்தரத்தை '59' என்றால் தெளிவு ஐந்துக்கு ஐந்து, வலிமை ஒன்பதுக்கு ஒன்பது. சேகரிப்பவர்களுக்கு, அட்டையில் அச்சான படகுப் படம்தான் முழு ஆட்டத்தின் பரிசு.

5. எஸ்ஏஎஸ்ஈ. முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை. 9x12 அங்குல உறை அனுப்பினால் சான்றிதழ் மடங்காமல் வரும்.

நடைமுறையில் காட்சி சாதாரணமாக இருக்கும். கரையில் ஒரு மடக்கு மேசை, 100 வாட் கருவி, ஒரு குறிப்பேடு. இரண்டு மரங்களுக்கு இடையே சுமார் 10 மீட்டர் செம்புக் கம்பி. 20 மீட்டர் அலைக்கு, அலைநீளத்தில் பாதி நீளமுள்ள டைபோல் ஆன்டெனா (நடுவில் இரண்டாகப் பிரித்த நேர்க்கம்பி) போதும். ஆன்டெனாவைப் படகிலேயே கட்டுவது பார்க்க அழகு. ஆனால் அடித்தளம் இரும்பு என்றால் அலையின் போக்கே மாறும், அரங்கத்து விளக்குகளின் மின் இரைச்சலும் காதைத் துளைக்கும். பல குழுக்கள் படகு பின்னணியில் தெரியும்படி கொஞ்சம் தள்ளி உட்காருவதற்குக் காரணம் இதுதான். படகுகளுக்கும் கப்பல்களுக்கும் பொதுவான பெரிய விழாவும் ஆண்டுதோறும் ஜூன் முதல் வார இறுதியில் உண்டு: நியூ ஜெர்சி போர்க்கப்பலில் உள்ள அமெச்சூர்கள் ஒருங்கிணைக்கும் அருங்காட்சியகக் கப்பல் வார இறுதி.

இங்கிருந்து பிடிக்க முடியுமா?

முடியும், ஆனால் சுலபமில்லை. சென்னைக்கும் அயோவாவுக்கும் தீர்க்கரேகையில் கிட்டத்தட்ட 170 பாகை வித்தியாசம். ஆகவே மிகக் குறுகிய பாதை வட துருவத்தை ஒட்டிப் போகிறது, சுமார் 14,000 கிலோமீட்டர். சூரியன் கொந்தளிக்கும் நாட்களில் துருவப் பகுதி அலையை விழுங்கிவிடும். அமைதியான நாளில் இந்திய நேரம் இரவு 8, 9 மணிக்கு 20 மீட்டரில் காத்திருந்தால் வாய்ப்பு உண்டு.

7.260ஐ மறந்துவிடலாம். இந்தியாவில் அமெச்சூர்களுக்கு அந்தப் பட்டையில் 7.000 முதல் 7.200 வரைதான் அனுமதி. அதற்கு மேலே நம் பக்கத்தில் சிற்றலை ஒலிபரப்பு நிலையங்களின் இடம். கேட்டாலும் பதில் சொல்லக்கூடாது.

வானில் செய்யக் கூடாதவை

விழா என்றதும் ஒலிபெருக்கி, பாட்டு, டிக்கெட் விற்பனை எல்லாம் நினைவுக்கு வரும். அமெச்சூர் விதிகளில் இவை எதற்கும் இடமில்லை.

பொதுமக்களுக்கு ஒருவழியாக ஒலிபரப்பக் கூடாது. பண லாபத்துக்காகப் பேசக் கூடாது. ஆகவே 'இன்று மாலை நாடகம், டிக்கெட் இவ்வளவு' என்று படகு நிர்வாகத்துக்கு விளம்பரம் செய்ய முடியாது. படகின் கதையைச் சொல்லலாம், கடையை விரிக்கக் கூடாது.

இசைக்கும் தடை. இங்கேதான் கல்லியோப்பி மாட்டிக்கொள்கிறது. நாடகப் படகின் அடையாளமே அந்தச் சத்தம். அதை நினைவுகூரும் நிலையம் அதை வானில் அனுப்பக் கூடாது. பக்கத்தில் கல்லியோப்பி ஊத ஆரம்பித்தால் மைக்கின் பொத்தானை விட்டுவிட்டு, பாட்டு முடியும்வரை சும்மா இருப்பதுதான் விவேகம். இந்தத் தடைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கான்ராட் தட்டுப் போட்டுக் காட்டிய பிறகு ஆளாளுக்கு இசை அனுப்பத் தொடங்க, 1922 தொடக்கத்தில் அமெரிக்க வணிகத்துறை அமெச்சூர்கள் பொழுதுபோக்கு ஒலிபரப்புவதை நிறுத்தியது. பேச்சு அமெச்சூருக்கு, பாட்டு ஒலிபரப்பு நிலையத்துக்கு என்று அன்று பிரித்த கோடு இன்றைக்கும் அழியவில்லை.

பார்க்க வரும் குழந்தைகளைப் பேசவிடலாமா? அமெரிக்காவுக்குள் பேசினால் சரி, உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருந்து கட்டுப்படுத்தினால் போதும். வெளிநாட்டு நிலையத்தோடு என்றால் அந்த நாட்டோடு மூன்றாம் தரப்புப் பேச்சுக்கான, அதாவது உரிமம் இல்லாதவர் பேசுவதற்கான, உடன்பாடு வேண்டும். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே, இரவு ஒன்பது மணிக்கு இங்கிருந்து 'விக்டர் யூனிஃபார்ம்' (வி, யூ என்ற எழுத்துகள், இந்தியக் குறிகளின் தொடக்கம்) என்று தொடங்கும் குறி அங்கே கேட்டால், மைக்கில் பேசிக்கொண்டிருக்கும் பையன் அதை அண்ணனிடமோ தாத்தாவிடமோ, அங்கே உரிமம் வைத்திருப்பவர் யாரோ அவரிடம் கொடுத்துவிட வேண்டும். நம் குறியைக் குறிப்பேட்டில் அவன் எழுதலாம், அதற்குத் தடையில்லை.